மேலே இருப்பது மஞ்சள்தான்

என் வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நேசையன். நான் வைத்த பெயர் ஆகட்டுமய்யா. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். ‘நேசையன், ஞாயித்துக்கிழமை வந்து இந்த வேலைய முடிச்சுக் குடுத்துரும்.’ ஆகட்டும்யா. ‘உம்ம சைக்கிள ரெண்டு நாளைக்கு எடுத்துக்கிடுதேன்.’ ஆகட்டும்யா. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, “பிள்ளைக்குக் கொஞ்சம் வாய் நீளம், நீங்கதான் பொறுத்துப் போகணும்” என்றார். அதற்கும் அதே பதில்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதிருக்க வேண்டும்.

அவருக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். தகப்பனார் உபதேசியார். ஆறு ஊருக்கு நடந்தே போய் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறவர். ஒருவரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? மகனுக்குக் கோடு போடுகிற கை வாய்த்திருந்தது. ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பார். அந்தக் கையால்தான் நகரசபையில் டிரேசர் வேலை கிடைத்தது. ஓவர்சியர் பென்சிலில் கிறுக்கித் தருகிற சாக்கடையையும் சந்தைக் கொட்டகையையும் மையால் சுத்தமாகப் படியெடுக்கிற வேலை.

எந்த நகரசபை என்று கேட்காதீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஏழு மைல். நாங்கள் குடியிருந்தது இரண்டுக்கும் நடுவே ரோட்டோரத்தில். காலையில் அவர் சைக்கிளை வடக்கே திருப்பினாரா தெற்கே திருப்பினாரா என்று நான் சொன்னால், ஒரு ஊர்க்காரர்கள் என் வீட்டு வாசலுக்குச் சண்டைக்கு வருவார்கள். இருக்கிற சண்டை போதும்.

அந்த வேலையில் ஒரு பொறி இருந்தது. தற்காலிகம். பதினோரு மாதம் முடிந்ததும், நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நாலு நாள் கழித்துப் புதிதாக ஆள் எடுப்பது போல ஒரு ஆர்டர் வரும். முப்பத்திநாலாம் வருஷத்திலிருந்து எட்டு வருஷம் இப்படி. அந்த நாலு நாளும் அவர் காலையில் குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். தபால்காரர் கடந்து போனதும் உள்ளே வந்து உட்காருவார். மறுபடி எழுந்து போய் நிற்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“நேர போய்க் கேளுங்களேன். எட்டு வருசமா உழைக்கேன், நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டா நாக்கு அறுந்தா போகும்?”

“கேட்டா இருக்கதும் போயிரும், அமிர்தம்.”

“வேற எடம் பாருங்க.”

“எங்க இருக்கு வேற எடம்?”

அவர் சொன்னதும் சரிதான். யுத்த காலம். மில்லில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு வரவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. கொல்லையில் கட்டிப்போட்ட ஆடாவது கயிறு நீளத்துக்கு மேயும். இவருக்கு அதுவும் கிடையாது.

நாற்பத்திரண்டாம் வருஷம் கோடையில் சேர்மன் சங்கரலிங்கம் ஒருநாள் இவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சேர்மன் என்றால் ஜின்னிங் பாக்டரி முதலாளி. பருத்தி அரைத்துப் பஞ்சாக்கிச் சம்பாதித்தவர். எங்கேயோ வடக்கே போன இடத்தில் ஒரு நகரசபைக் கட்டடத்தின் மேல் அந்த ஊருக்கென்றே ஒரு கொடி பறப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அன்று முதல் மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. ஆகஸ்டு மாதம் புதுக் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறக்க சப் கலெக்டர் துரை வருகிறார். அன்றைக்கு நம் ஊருக்கும் ஒரு கொடி ஏறியாக வேண்டும்.

“நீரு படம் போடுகவரு. கொடிக்கு ஒரு மாதிரி போட்டுக் குடும். கலர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்கணும். கொடி மேல ஏறின அன்னைக்கே உம்ம ஆர்டர்ல கையெழுத்துப் போடுதேன். நிரந்தரம்” என்றாராம்.

சாயங்காலம் இவர் வந்து இதைச் சொன்னார். நான் உடனே மண்டி போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஸ்தோத்திரத்தை அப்புறம் எத்தனை தடவை திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன்!

சேதி பரவியதும் கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கோயில் தர்மகர்த்தாவாக இருந்த ஒருவர், பச்சை வேணும், அது ஆண்டாள் கையில் இருக்கிற கிளி என்றார். ஆகட்டும்யா. அரிசி மண்டி ராவுத்தர், பச்சை வச்சீருன்னா எங்க ஜனங்க சந்தோசப்படுவாங்க, அது எங்க நிறம் என்றார். ஆகட்டும்யா. ராஜபாளையத்துப் பக்கம் தோப்பு வைத்திருந்த ராஜா வகுப்புக்காரர் ஒருவர், மஞ்சள்தான் மங்களம், மஞ்சள் இல்லாத காரியம் உண்டா என்று கேட்டார். இவர் தலையாட்டியதும் “பாகுந்தி, பாகுந்தி” என்று தெலுங்கில் மெச்சிவிட்டு எழுந்தார். எங்கள் குருவானவர் விடுவாரா? வெள்ளை என்றால் பரிசுத்தம், ஆட்டுக்குட்டியானவர் என்று மனதில் வைத்துக்கொள் தம்பி என்றார். சேர்மனோ வெள்ளை என் பஞ்சு, நடுவில் என் பாக்டரிப் பல்சக்கரத்தைப் போடு என்றார். எல்லாருக்கும் ஒரே பதில்.

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“ஏங்க, பச்சை கிளியா, பள்ளிவாசலா? வெள்ளை ஆட்டுக்குட்டியா, பஞ்சா? தொறப்பு விழாவுல அம்புட்டுப் பேரும் ஒரே பந்தல்ல உக்காந்திருப்பாக. கலர் விளக்கம் வாசிக்கும்னு சேர்மன் உங்களத்தான் மேடையில ஏத்துவாரு. அன்னைக்கு எத வாசிப்பீய? ஆளுக்கு ஒண்ணு சொல்லி வச்சிருக்கியளே, வாசிச்சு முடிச்சு முழுசா வீடு வந்து சேருவியளா?”

அவர் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக அந்தத் தாளில் ஒரு நீண்ட சதுரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. “நான் என்ன செய்ய ஏட்டி? ஒருத்தர இல்லைன்னு சொன்னா அவரு ஓட்டு போயிரும். எல்லாரும் ஆமாம்னாதான் தீர்மானம்” என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. பாவம் வந்தால் எனக்குக் கத்தல் இன்னும் கூடும்.

“வேலியோரம் அந்தா நிக்கி பாருங்க பருத்திச் செடி, அதப் பாத்துப் போடுங்க! மேல பூ மஞ்சள், நடுவுல வெடிச்ச பஞ்சு வெள்ளை, கீழ இலை பச்சை. இந்த ஊர்ல பருத்தியில சோறு திங்காத பய யாரு இருக்கான்? எவன் வாயத் தொறப்பான் பாப்போம்.”

அவர் வேலியோரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

கொடி அப்படித்தான் பிறந்தது. கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். ஒவ்வொருவரும் தன் அர்த்தத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் தூக்கினார்கள். பல்சக்கரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சேர்மன் பாக்டரி சக்கரத்தை ஊர்க் கொடியில் வைப்பதா என்று கூச்சல். நடுச் சின்னம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுமையாக விட்டார்கள். சேர்மன் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏன்வே, காங்கிரஸ்காரன் கொடி மாதிரி இல்ல இருக்கு?” என்றாராம்.

“அது காவிய்யா. இது மஞ்சள்.”

“மஞ்சள் மஞ்சளாவே இருக்கணும். பாத்துக்கிடும்” என்றாராம் சேர்மன்.

மஞ்சளுக்கு எங்கே போவது? வெள்ளைத் துணி கிடைத்தது. பச்சைக்கு ஒரு மில் துணி கிடைத்தது. மஞ்சள் துணியும் இல்லை, சாயமும் இல்லை. ஜெர்மன் சாயப் பொட்டலம் யுத்தம் வந்ததோடு நின்றுபோயிருந்தது. ராஜபாளையம் கடைத்தெருவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் அலைந்துவிட்டு இவர் வெறுங்கையோடு வந்து நின்றார். நான் இருக்கும்போது ஒரு காரியம் நின்றுபோகுமா? விரலி மஞ்சளை அம்மியில் அரைத்து, படிகாரம் கரைத்து, துணியைக் கொதிக்கவைத்து எடுத்தேன். பருத்திப் பூ தோற்றுப்போகும், அப்படி ஒரு மஞ்சள். மூன்று பட்டையையும் நானே கைத்தையல் போட்டுச் சேர்த்தேன். கொடியை மடித்து அவர் கையில் கொடுத்தபோது, நிரந்தர ஆர்டரையே கொடுப்பது போல இருந்தது எனக்கு.

ஆகஸ்டு பிறந்ததும் நாடு கொதித்தது. தலைவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். எங்கள் பக்கம் தந்திக் கம்பியை வெட்டினார்கள். மூவர்ணக் கொடியை ஒருவன் கையில் பார்த்தால் போலீஸ் அடித்துத்தான் பேசியது. விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சேர்மன் கேட்கவில்லை, துரை தேதி கொடுத்தாயிற்று.

கொடி நகரசபை பியூன் சோணைமுத்துவின் பொறுப்பில் இருந்தது. நல்ல மனுஷன், வாய் அதிராதவர். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. தண்ணீர் படாத புதுத் துணி என்றால் கோடி. கோடி போர்த்துவது பிணத்துக்கு. ஊர்க் கொடியைக் கோடித்துணியாகவே ஏற்றினால் ஊருக்கு ஆகுமா? ஒரு தண்ணீர் காட்டி எடுத்தால் தோஷம் கழிந்தது. இவ்வளவுதான் அவர் எண்ணம். யாரிடமும் கேட்கவில்லை. வெளுக்கிற சண்முகத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கும் அவள்தான் வெளுத்தாள். உவர்மண்ணும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் முக்கி, வெள்ளாவியில் வைத்து எடுப்பாள். மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்று அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் ஏற்றாத கொடியை எவனாவது வெளுக்கப் போடுவான் என்று கண்டேனா?

விழா அன்று லேசான சாரல். மேற்கே மலை முழுக்க மூடியிருந்தது. நான் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இவர் மேடைக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரே நல்ல கோட்டில், கையில் கலர் விளக்கத் தாளோடு நின்றார். பருத்திப் பூ, பஞ்சு, இலை என்று அழகாக எழுதியிருந்தார். சண்முகத்தாய் மடித்துக் கொடுத்ததை யாரும் பிரித்துப் பார்க்காமலே பூ வைத்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பேண்டு முழங்கியது. துரை கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியது, கொடி விரிந்தது.

மேலே காவி. நடுவே வெள்ளை. கீழே பச்சை.

பேண்டு நடுவில் நின்றுபோனது. தொப்பியைக் கழற்றிப் பாதியில் பிடித்திருந்த துரையின் கை அப்படியே நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் ‘வந்தே மாதரம்’ என்று கத்தினான் பாருங்கள், அவ்வளவுதான், பந்தலே எழுந்து கத்தியது. தடியடி. ஒரு நாற்காலி மிச்சமில்லை. நான் எழுந்து பார்க்கும்போது என் வீட்டுக்காரரை இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தாள் இன்னும் அவர் கையில் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. மூளை வேலை செய்தது. அதுதான் என் கெட்ட காலம். வீட்டுக்கு ஓடினேன். இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் சண்முகத்தாய் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். அவள் அண்ணன் கருத்தையா இரண்டு நாளாக உள்ளே இருந்தான், தந்திக் கம்பி கேஸில். அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். மேஜை மேல் கொடி கிடந்தது. ஒரு பக்கம் இவரும் சோணைமுத்துவும் நின்றார்கள். நாற்காலியில் சேர்மன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். இவர் மறுபடி மறுபடி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “மஞ்சள்தான்யா. மேல இருக்கது மஞ்சள்தான்யா.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்கியா?”

“ஐயா, அவிய சொல்லுதது நெசம். இந்தா பாருங்க” என்று நான் எலுமிச்சம்பழத்தைப் பல்லால் கடித்து, அந்தக் காவி மேல் பிழிந்தேன். சாறு பரவின இடமெல்லாம் பளிச்சென்று மஞ்சளாகத் திரும்பியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “மஞ்சள் அரச்சு நாந்தான் சாயம் ஏத்தினேன். சுண்ணாம்புத் தண்ணி பட்டுச் செவந்திருக்கு. இதுல காங்கிரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரர விடுங்க.”

இன்ஸ்பெக்டர் அந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார். நிதானமாக, “சரிம்மா. மஞ்சள்தான். அப்ப இதுல சுண்ணாம்ப யாரு போட்டா?” என்று கேட்டார்.

சோணைமுத்து தடாலென்று காலில் விழுந்தார். “சாமி, கோடித்துணிய ஏத்தப்படாதுன்னு ஒரு தண்ணி காட்டச் சொன்னேன். சண்முகத்தாயிட்டக் குடுத்தேன். வேற ஒண்ணும் தெரியாது சாமி!”

“எந்தச் சண்முகத்தாய்? கருத்தையா தங்கச்சியா?”

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தை அழுதது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “அண்ணன்காரன் தந்திக் கம்பிய வெட்டுதான், தங்கச்சி கொடிய மாத்துதா. குடும்பத் தொழில்.” பிறகு இவரைப் பார்த்து, “நீரு வீட்டுக்குப் போவலாம்வே. வேணும்னே செஞ்சிருக்கான்னு இவ பேர்ல ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதுதேன். கையெழுத்து மட்டும் போட்டுரும்” என்றார்.

சேர்மன் பரபரவென்று எழுந்தார். “போடும் நேசையன். உம்ம ஆர்டர் இந்தா என் பைல இருக்கு. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார். நகரசபை பெயர் தப்பினால் போதும் அவருக்கு.

என் தலையில் இடி விழுந்தது. ஐயோ பாவி! என் வாயும் என் எலுமிச்சம்பழமும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்காரியை அல்லவா பிடித்துக் கொடுத்துவிட்டன! ஒரு பக்கம் எட்டு வருஷமாக ஏங்கின தாள், மறு பக்கம் அவள். கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போடாதீர்கள் என்று சொல்லவும் எழவில்லை. மறைத்து என்ன, போட்டுவிடுவார், அவர் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்தானே என்று ஒரு மூலையில் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவர் தொண்டையைக் கனைத்தார். “ஐயா, அவ வெளுத்துச் சரியாத்தான் குடுத்தா. காலைல முடிச்சுப் போடையில நாந்தான் சுண்ணாம்புத் தண்ணியத் தடவினேன்.”

“நீயா?” வெற்றிலை போடாத ஆளிடம் சுண்ணாம்பு ஏது என்பது போல இன்ஸ்பெக்டர் அவர் பல்லைப் பார்த்தார். “எதுக்கு?”

ஊரில் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்ன மனுஷனுக்கு அங்கே ஒரு அர்த்தமும் கிடைக்கவில்லை.

“காங்கிரஸ் கொடி ஏறணும்னுதானே? அப்படித்தானே எழுதிக்கிடட்டுமா?”

அவர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆகட்டும்யா” என்றார்.

ஆறு மாசம் போட்டார்கள். சேர்மன் அந்த ஆர்டரை என் கண் முன்னாலேயே கிழித்தார். திரும்பி வந்தபோது இவர் பாதி ஆளாக இருந்தார். ஜெயிலில் கல் உடைத்து அந்தக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நேர்கோடு போச்சு. ஒரு ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுத் தாட்டுகளில், அதாவது பொதிகளில், மார்க்கா எழுதுகிற வேலை கிடைத்தது, அதுவும் சீசனுக்கு மட்டும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனில் போய் நின்று முகம் காட்டிவிட்டு வர வேண்டும். எங்கள் வேதக்கோயில் சபையிலேயே இரண்டு வீட்டார் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

சண்முகத்தாய் மட்டும் வாரம் தவறாமல் வந்து துணி எடுத்துப் போனாள். கூலி கொடுத்தால் வாங்கமாட்டாள். நன்றி என்று நினைத்துக்கொண்டேன். அவளை மாட்டிவிடப் பார்த்தவள் நான் என்கிற கூச்சத்தில் ஐந்து வருஷம் அவள் முகத்தைப் பார்த்து நான் பேசவே இல்லை.

நாற்பத்தியேழு வந்தது. நேற்றுவரை கண்டால் ஒதுங்கினவர்கள் வீட்டுக்கு வந்து, “தியாகி நேசையன் அவர்கள்” என்றார்கள். துரை முன்னாலேயே கொடியை மாற்றின வீரராம். நகரசபையில் புதுச் சேர்மன். பதினைந்தாம் தேதி நீங்கதான் கொடி ஏத்தணும், நிறத்துக்கு அர்த்தம் நாலு வார்த்தை பேசணும், உங்களுக்கு நிரந்தர வேலை ஆர்டர் தயார், மேடையிலேயே தருகிறோம் என்றார். இவர் சொன்னது உங்களுக்கே தெரியும்.

பதினாலாம் தேதி மத்தியானம் சண்முகத்தாய் வெளுத்த துணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தக் கொடி மஞ்சள்ல முக்குனதுன்னு கையில எடுத்ததுமே தெரியும். சுண்ணாம்பு பட்டா செவக்கும்னும் தெரியும். எங்க அண்ணன அடிச்சு உள்ள போட்டிருந்தாங்க. வேணும்னேதாம்மா ரெண்டு முக்கு கூட முக்குனேன். ஐயா தலையில விடியும்னு நெனைக்கல.”

நேராக அவரிடம் போனேன். நாளைய கூட்டத்துக்காக முகம் மழித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கத்தியை வைக்கவே இல்லை.

“தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“ஜெயில்ல வச்சு யோசிச்சேன். வெளுக்கவளுக்கு மஞ்சள் செவக்கும்னு தெரியாமலா இருக்கும்?”

“அட பாவி மனுசா! அஞ்சு வருசமா நான் வெந்து சாகுதேன். எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அவ வாசல்ல போய் நின்னு கத்துவே. ஊரு கேக்கும். போலீசும் கேக்கும்.”

கத்தியிருப்பேன்தான். “சரி, நாளைக்கு என்ன பேசப் போறீய? வீரன்னு மாலை போடுவாக. உண்மையச் சொன்னா ஆர்டர் போச்சு. சொல்லாட்டி அவ செஞ்சதுக்கு நீங்க மாலை வாங்கினதாச்சு.” அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஜெயிலுக்குப் போன அன்றுகூட அவர் முகம் அவ்வளவு இடுங்கிப்போய் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மைதானம் நிறைந்த கூட்டம். கொடி ஏறியது. கழுத்தில் மாலை, கையில் உறை போட்ட ஆர்டர். பேசுங்க என்று மைக்கின் முன் நிறுத்தினார்கள். நடுங்குகிற கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “நான் போட்ட கொடியில மேல இருந்தது மஞ்சள்தான். அத நான் மாத்தல. அது வெளுக்கவுக கையில செவந்துச்சு” என்றார்.

கூட்டம் கை தட்டியது. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று என் பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். உழைக்கிற ஜனங்களைத்தான் ஐயா அப்படிச் சொல்கிறார் என்று புதுச் சேர்மன் மைக்கில் விளக்கம் வேறு கொடுத்தார். மனுஷன் உண்மையைச் சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்களே!

நான் எழுந்துவிட்டேன். ஐந்து வருஷத்துக் கத்தல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

“கை தட்டுனது போதும்! உள்ளதத்தான் சொல்லுதாரு, காது கேக்கலியா? செவக்க வச்சவ அந்தா நிக்கா, எங்க வீட்டுக்கு வெளுக்க சண்முகத்தாயி! கருத்தையா தங்கச்சி! தெரிஞ்சே செஞ்சா. இவரு அவளக் காட்டிக்குடுக்காம உள்ள போனாரு. அவ்வளவுதான் இவரு செஞ்சது!”

மைதானம் முழுக்கத் திரும்பியது. சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார், கழுத்து மாலையைக் கழற்றினார். ஊரார் முன் ஆம்பளை கையால் இன்னொருவன் பெண்சாதிக்கு மாலை போட முடியுமா? என் கையில் கொடுத்தார். “நீ போடு ஏட்டி” என்றார். நான் போட்டேன். போடும்போதுதான் அத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அவள் என் காதில், “அம்மா, அந்த ஆர்டரத் திருப்பி வாங்கிக்கிட மாட்டாகளே?” என்றாள்.

வாங்கிக்கொண்டார்கள். தியாகிக்கென்று ஒதுக்கின வேலையாம், தியாகி அல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்றார்கள். அவளுக்கும் கொடுக்கவில்லை. இவர் இப்போதும் பாக்டரியில் பஞ்சுத் தாட்டுக்கு மார்க்கா எழுதிக்கொண்டிருக்கிறார். தற்காலிகம்தான்.